சர்க்கரை சென்சார்: போனில் தொடங்குவதா, ரீடரிலா?

ஃப்ரீஸ்டைல் லிப்ரே 2 சென்சாரைக் கையில் ஒட்டியாயிற்று. அப்புறம்? அளவைப் போனில் பார்க்கலாம், அல்லது ரீடர் என்ற தனிக் கருவியில் பார்க்கலாம்.

இணைப்பது: போனில் என்எஃப்சி (அருகில் காட்டினால் சென்சாரைப் படிக்கும் வசதி), புளூடூத், ஆப் அனுமதிகள் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ரீடரை அருகில் காட்டினால் போதும். இரண்டிலும் முதல் அளவு வர 60 நிமிடம்.

அலாரம்: போனில் நோட்டிஃபிகேஷன் அனுமதியை மறந்தால் நடுராத்திரியில் சர்க்கரை இறங்கினாலும் சத்தம் வராது. ரீடர் இதற்கென்றே உள்ள கருவி, அதில் இந்த அனுமதித் தொல்லை இல்லை.

பகிர்வு: வெளியூர் மகள் அளவைப் பார்க்க வேண்டுமா? போன்தான்.

போனோடு மல்லுக்கட்டும் பெரியவர்களுக்கு ரீடரே என் தேர்வு. மற்றவர்களுக்குப் போன்.

இரண்டும் வேண்டுமென்றால் ரீடரில் தொடங்கி, அந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் போனிலும் ஸ்கேன் செய்யுங்கள். அலாரம் ரீடரில்தான் வரும். போனில் தொடங்கிய சென்சாரை ரீடர் ஏற்காது.