மூலை வெட்டிய டிராயிங்கும் என் 680 வெள்ளியும்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியா பக்கம் ஞாயிற்றுக்கிழமை ‘டிராயிங் ரீடிங் கிளாஸ்’, அதாவது இன்ஜினியரிங் வரைபடம் படிக்கும் வகுப்பு என்று யாராவது உங்களுக்கு வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்பியிருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நடத்தியவர் பெயரைப் போடப் போவதில்லை. நான் பெயரைப் போட்டால் அடுத்த மாதம் வேறு பெயரில் அடுத்த தெருவில் போர்டு மாட்டுவார்கள். ஆளை எப்படி அடையாளம் காண்பது என்று சொல்கிறேன், அதுதான் உதவும்.

நான் துவாஸில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் வெல்டர். ஊரில் ஐடிஐ முடித்துவிட்டு 2016-இல் இங்கே வந்தேன். பைப் சப்போர்ட், ஸ்கிட் (மெஷினைத் தாங்கும் இரும்புச் சட்டம்), ஹேண்ட்ரெயில், இவைதான் எங்கள் ஷாப்பின் வேலை. வெல்டர் கைக்கு டிராயிங் வராது. டிராயிங் பார்த்துத் துண்டுகளைச் சேர்ப்பவர் ஃபிட்டர்; அவர் டேக் (அங்கங்கே சின்னப் பொட்டு வெல்டு) போட்டு வைப்பதை முழுசாக ஓட்டி முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டியதுதான். ஃபிட்டர் ஆனால் நாளுக்கு நாலு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடும். எங்கள் ஃபோர்மேன் அண்ணன் மன்னார்குடிக்காரர், 20 வருஷமாக இந்த வேலையில் இருப்பவர். “டிராயிங் மட்டும் ஒழுங்கா படிக்கக் கத்துக்க தம்பி, மேனேஜர்கிட்ட நான் பேசறேன்” என்று ஒருநாள் சொன்னார். அந்த வாரமே நோட்டீஸ் வந்தது. நல்ல நேரம் என்று நினைத்தேன்.

நோட்டீஸில் இருந்தது இதுதான்: ஆறு ஞாயிறு வகுப்பு, அரசு மானியம் போக 680 வெள்ளி, சான்றிதழ் உண்டு, லெவி குறையும், சூப்பர்வைசர் ஆகலாம். இதில் ஆறு ஞாயிறு என்பது மட்டும் ஓரளவு உண்மை. ஒரு ஞாயிறு சார் வராததால் அதுவும் ஐந்தாகிப் போனது. மானியம் என்றதுமே நான் விழித்திருக்க வேண்டும். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் என்ற அரசுப் பயிற்சி உதவித்தொகை 25 வயது நிரம்பிய சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு உரியது. வொர்க் பர்மிட்டில் இருக்கிற நமக்கு அதில் பங்கில்லை. லெவி விஷயமும் அப்படித்தான். வெளிநாட்டுத் தொழிலாளிக்காக அரசுக்குக் கட்டும் அந்த வரியைக் கட்டுவது கம்பெனி. எந்தச் சான்றிதழ் இருந்தால் குறையும் என்று அதற்கு விதி இருக்கிறது. அந்த நோட்டீஸை எங்கள் ஹெச்ஆர் அக்காவிடம் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். காட்டவில்லை. வெல்டர் பையன் பெரிய ஆளாகப் பார்க்கிறான் என்று நினைத்துவிடுவாரோ என்று ஒரு கூச்சம்.

பணத்தை இரண்டு தவணையாகப் பேநவ்வில், அதாவது போன் வழியாக, அனுப்பினேன். அனுப்பும்போது திரையில் வந்தது வேறு யாரோ ஒரு அம்மாவின் பெயர். கேட்டதற்கு, “எங்க அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவங்க” என்றார் சார். ரசீது அடுத்த வாரம் என்றார். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடிதான் வகுப்பறை. 22 பேர் இருந்தோம். பாதிப்பேர் ஷிப்யார்டு, மீதி என்னைப் போல ஷாப்பில் வேலை. முதல் ஞாயிறு முழுவதும் புளூபிரிண்டின் வரலாறு. 1842-இல் ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி இரும்பு உப்பைப் பூசிய தாளில் வெயில் பட்டால் நீலமாகும் முறையைக் கண்டுபிடித்தது, அதனால்தான் டிராயிங்குக்கு அந்தப் பெயர் வந்தது என்று அரைமணி நேரம். சொன்னது சரிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் துவாஸில் நீலத்தாளைக் கண்ணால் கண்டதில்லை. எங்களுக்கு வருவதெல்லாம் கிரீஸ் கைரேகையோடு வெள்ளைத்தாள்.

இரண்டாவது ஞாயிறு நோட்ஸ் கொடுத்தார். டிராயிங் ஜெராக்ஸ், மொத்தம் பதினாலு தாள். எல்லாத் தாளிலும் கீழே வலது மூலை இல்லை. கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள். வெட்டிய இடத்தின் விளிம்பு கறுப்புக் கோடாக விழுந்திருந்தது. பக்கத்தில் இருந்த தம்பிதான் கேட்டான், “சார், இது ஏன் இப்படி இருக்கு?” அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அதுல கம்பெனி பேரு, தேதி, கையெழுத்து. உனக்கு எதுக்குப்பா அது? நீ படத்தைப் பாரு.” எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அந்த ஜெராக்ஸ் மீது ஸ்கேலை வைத்து அளக்கச் சொல்லிக்கொடுத்தார். “ஒண்ணுக்குப் பத்து. நீ அளந்ததைப் பத்தால பெருக்கு, அளவு வந்துடும்.” அந்தத் தாள்கள் ஏ3-இல் இருந்து ஏ4-க்குச் சுருக்கியவை. ஏ3-ஐ ஏ4 ஆக்கினால் எல்லா நீளமும் ஏறக்குறைய 71 சதவீதமாகிவிடும். 1,000 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது அவர் கணக்கில் 710 வரும். தாளில் அச்சடித்திருந்த அளவோடு என் கணக்கு ஒத்துவராதபோது, என் ஸ்கேலில்தான் கோளாறு என்று நினைத்து முஸ்தஃபாவில் புது ஸ்கேல் வாங்கினேன். இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஷாப்பில் டிராயிங்கை யாரும் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை. எழுதியிருக்கும் அளவுதான் அளவு. பல டிராயிங்கில் அளக்காதே என்றே அச்சடித்திருப்பார்கள். எங்கே தெரியுமா? அந்த மூலைக்குப் பக்கத்தில்.

மூன்றாவது ஞாயிறுதான் என்னைக் கவிழ்த்தது. “முன்பார்வைக்கு வலது பக்கம் ஒரு படம் இருந்தா, அது பொருளை இடது பக்கமிருந்து பார்த்த படம். மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்ணிக்குங்க.” எனக்கு ஐடிஐயில் படித்ததும் அப்படித்தான் ஞாபகம், அதனால் நம்பிவிட்டேன். அது பொய்யும் இல்லை. ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறையில் அது சரி. நம் ஊரில் படிப்பது ஃபர்ஸ்ட் ஆங்கிள். அமெரிக்க வழக்கம் தேர்ட் ஆங்கிள். அதில் வலது பக்கம் இருக்கும் படம் வலது பக்கமிருந்தே பார்த்தது. எங்கள் ஷாப்புக்கு இரண்டும் வரும். எது எந்த முறை என்று சொல்ல ஒரு சின்னக் குறி உண்டு. முனை வெட்டிய கூம்பு ஒன்று, பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம். கூம்பின் சின்ன முனை வட்டங்களைப் பார்த்து இருந்தால் தேர்ட் ஆங்கிள், வட்டங்களுக்கு முதுகு காட்டினால் ஃபர்ஸ்ட் ஆங்கிள். அந்தக் குறியும் இருப்பது அந்த மூலையில்தான்.

வகுப்பு முடிந்த மறு வாரம் ஃபோர்மேன் அண்ணன் சோதனைக்கு ஒரு வேலை கொடுத்தார். சின்ன பிராக்கெட், 18 எண்ணம். அடியில் ஒரு தகடு, அதன் நடுவில் செங்குத்தாக இன்னொரு தகடு. நிற்கிற தகட்டின் இடது மேல் மூலை சாய்வாக வெட்டியிருக்கும். அடித்தகட்டில் ஒரு விளிம்பை ஒட்டி மட்டும் இரண்டு போல்ட் துளை. டிராயிங்கில் இரண்டே படம்: முன்பார்வை, அதற்கு வலது பக்கம் ஒரு பக்கப்பார்வை. துளை முன்னால் வருமா பின்னால் வருமா என்பதை அந்தப் பக்கப்பார்வைதான் சொல்ல வேண்டும். நான் மந்திரத்தைச் சொல்லிக்கொண்டேன். இது இடது பக்கமிருந்து பார்த்த படம், ஆகவே துளை பின்னால். மளமளவென்று 18-க்கும் டேக் போட்டேன். வெல்டிங் பார்த்த இன்னொரு பையன் 11-ஐ ஓட்டியும் முடித்துவிட்டான்.

அண்ணன் வந்து ஒன்றைக் கையில் எடுத்தார், டிராயிங் பக்கத்தில் பிடித்தார். ஒன்றும் பேசவில்லை. அது தேர்ட் ஆங்கிள் டிராயிங், துளை முன்னால் வர வேண்டியது. நான் வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். துளை முன்னால் வந்தது, சாய்வு வலப்பக்கம் போய்விட்டது. மறுபடி திருப்பினால் சாய்வு இடப்பக்கம் வந்தது, துளை பின்னால் போனது. இடது கால் செருப்பை எப்படித் திருப்பினாலும் வலது காலுக்கு வராது இல்லையா, அதே கதை. ஓட்டிய 11-ஐயும் அறுத்து, கிரைண்டிங் போட்டு, மறுபடி சேர்க்க இரண்டு நாள் ஆனது. கம்பெனி சம்பளத்தில் பிடிக்கவில்லை. ஆனால் மறுநாளே நான் வெல்டிங் பூத்துக்குத் திரும்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் லாரிக்குக் காத்திருக்கும்போது அண்ணன் ஒரு டிராயிங்கை எடுத்து மடித்தார். பெரிய தாள், அத்தனை மடிப்புக்கும் பிறகு மேலே தெரிந்தது அந்த வலது கீழ் மூலை. “டிராயிங்கை மடிக்கறதே இந்த மூலை மேல வரணும்னுதான் தம்பி. நீ படத்துல இருந்து ஆரம்பிச்சிருக்க.” அப்புறம் விரலை வைத்துக் காட்டினார். டிராயிங் எண், எத்தனையாவது ரிவிஷன் (திருத்தம்), மூன்று ஷீட்டில் இது எத்தனையாவது, அளவு மில்லிமீட்டரா இஞ்சா, மெட்டீரியல், டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது), கூம்புக் குறி. ரிவிஷன் சி வந்த பிறகும் பையில் இருந்த பி-யை வைத்து வேலை செய்து, ஒரு ஸ்கிட்டையே பிரித்த கதையும் சொன்னார். ஐந்து ஞாயிறில் நான் படிக்காததை இருபது நிமிடத்தில் படித்தேன், லாரி தாமதமாக வந்த புண்ணியத்தில்.

வெல்டிங் குறியைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். வகுப்பில் ஒருவர் ‘a6’ என்று போட்டிருக்கிறதே, அந்த எழுத்து என்ன என்று கேட்டிருந்தார். சார் பதில்: “எழுத்தை விடுங்க, ஆறுதான் லெக்.” இரண்டு தகடு சேரும் மூலையில் போடும் முக்கோண வெல்டுதான் ஃபில்லெட். அமெரிக்கக் குறியீட்டு முறையில் அதன் குறிக்குப் பக்கத்து எண் லெக்தான், எழுத்தே வராது. ஐஎஸ்ஓ முறையில் z என்றால் லெக், அதாவது தகட்டை ஒட்டிய பக்கத்தின் நீளம்; a என்றால் த்ரோட், அதாவது மூலையிலிருந்து வெல்டின் முகம் வரை உள்ள கனம். a6 கேட்ட இடத்தில் லெக் ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர் வர வேண்டும். ஆறு லெக் போட்டால் த்ரோட் 4.2-தான் இருக்கும். கேஜ் வைத்ததும் தரம் பார்க்கும் க்யூசி தூக்கிப் போட்டுவிடுவார். க்யூசி பார்க்காமல் விட்டால் அதைவிட மோசம், மேலே ஆள் ஏறி நிற்கிற இடமாகக்கூட இருக்கலாம். எந்த முறை என்பதும் மூலையிலோ பக்கத்து நோட்ஸிலோ எழுதியிருக்கும்.

சரி, சார் ஏன் மூலையை வெட்டினார்? இதைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நான்காவது ஞாயிறு அவர், “உங்க கம்பெனி டிராயிங்கை போனில் போட்டோ எடுத்து அனுப்புங்க, அதையே வச்சுப் பாடம் எடுக்கறேன்” என்றார். நாங்கள் அனுப்பினோம். நான் இரண்டு அனுப்பினேன். எங்களுக்கு வந்த பதினாலு தாளும் எங்களுக்கு முந்திய பேட்ச் பையன்கள் அனுப்பியவை. யார் கம்பெனி என்று தெரியக்கூடாது, அதற்குத்தான் கத்தரிக்கோல். கஸ்டமர் டிராயிங்கை வெளியே கொடுப்பது வேலை போகிற குற்றம். எங்கள் கம்பெனியில் சேரும்போதே அதற்குக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நான் அண்ணனிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போனார். எழுத்தில் ஒரு வார்னிங் கிடைத்தது. அதோடு விட்டார்கள், அண்ணன் முகத்துக்காக.

சான்றிதழ் தங்க முத்திரையோடு பளபளவென்று இருக்கிறது. ஹெச்ஆர் அக்கா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதில் பதிவு எண்ணே இல்லையே” என்றார்.

பணத்தைத் திரும்பக் கேட்டேன். கட்டிய பணம் திரும்பாது என்று பதில். ரூமில் ஒருவர் சின்னத் தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரைபியூனல் பற்றிச் சொன்னார். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், வக்கீல் தேவையில்லை, நம்மைப் போல 5,000-க்குள் கேட்பவருக்குக் கட்டணம் 10 வெள்ளி. நான் அங்கே போகப் போகிறேன் என்று சாருக்கு ஒரு வரி அனுப்பினேன். மறுநாள் காலை 300 வந்தது. அந்த அம்மா பெயரிலிருந்தேதான். அதற்கப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். மீதி 380-க்கு மனு போட வேண்டும். யார் மேல் போடுவது என்பதில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். நோட்டீஸில் இருந்த பெயரை நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான ஏக்ராவின் தளத்தில் தேடினால் அப்படி ஒரு நிறுவனமே இல்லை. தேடுவது இலவசம். 680 அனுப்பும் முன் இதைச் செய்திருக்கலாம்.

உங்களுக்கு இப்படி வகுப்பு எடுக்க ஒருவர் வந்தால், பணத்துக்கு முன் அவருடைய நோட்ஸில் ஒரே ஒரு தாளைக் கேளுங்கள். கீழே வலது மூலை இருக்கிறதா பாருங்கள். இருந்தால், “சார், இது ஃபர்ஸ்ட் ஆங்கிளா தேர்ட் ஆங்கிளா?” என்று கேளுங்கள். அவர் கண் நேராக மூலைக்குப் போனால் மேற்கொண்டு பேசலாம். படத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் எழுந்து தேக்காவில் டீ குடித்துவிட்டு ரூமுக்கு வந்துவிடுங்கள்.

அந்த மாடியில் என்னோடு உட்கார்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பேநவ் ஸ்கிரீன்ஷாட், அவர் அனுப்பிய மெசேஜ், அந்தப் பதினாலு தாள், எதையும் தூக்கிப் போடாதீர்கள், எனக்குச் செய்தி அனுப்புங்கள். அந்த அம்மாவின் பெயர் உங்கள் போனிலும் இருக்கும். கம்பெனி டிராயிங் அனுப்பியவர்கள், யாரோ சொல்லித் தெரிவதற்குள் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.