ஆடி மாதத்துக்கு ஒரு கேம் மெஷின்: கம்ப்யூட்டரா, பிளேஸ்டேஷனா?

எனக்குத் தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். தஞ்சாவூரில் வீட்டு மாடியிலேயே ஸ்டுடியோ. தை, வைகாசி, ஆவணி வந்துவிட்டால் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது என்பதால் அந்த இரண்டு மாதமும்தான் நிம்மதியாகக் கேம் ஆடுவேன். அதனால் என்னிடம் இருக்கும் இரண்டு மெஷினுமே ஆடியில் வாங்கியவை. 2023 ஆடியில் கம்ப்யூட்டர், 2024 ஆடியில் டிவியில் மாட்டி ஆடும் கன்சோலான பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம். எதை வாங்கலாம் என்று கேட்டு வாரம் ஒருவராவது போன் செய்கிறார்கள். இரண்டோடும் பழகியதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கம்ப்யூட்டர். உழவன் எக்ஸ்பிரஸில் எழும்பூர் போய் இறங்கி, காலை பத்து மணிக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் நின்றேன். ரைசன் 5 5600 பிராசசர் 12,500, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு 29,500, மதர்போர்டு 9,000, 32 ஜிபி ரேம் 5,500, எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் ஒரு டிபி எஸ்எஸ்டி 4,500, பவர் சப்ளை 5,000, கேபினட் 4,000. இதற்கே எழுபதாயிரம் ஆகிவிட்டது. நொடிக்கு 165 தடவை படம் மாறும் 165 ஹெர்ட்ஸ் மானிட்டர், கீபோர்டு, மௌஸ் எல்லாம் சேர்த்து 84,000. யூபிஎஸ் தனியாக 4,500. கேம் ஆட மட்டும் என்றால் இவ்வளவு போட்டிருக்க மாட்டேன். எடிட்டிங்கும் இதிலேயேதான் என்பதால் மனம் துணிந்தது.

கடையிலேயே பூட்டித் தருகிறோம் என்றார்கள். நானே பூட்டிக்கொள்கிறேன் என்று பெட்டி பெட்டியாகக் கட்டி ஊருக்குக் கொண்டுவந்தேன். அந்த ராத்திரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிராசசரின் ஒரு மூலையில் பொடிசாக ஒரு தங்க முக்கோணம் இருக்கும். மதர்போர்டிலும் அதே மூலையில் ஒரு முக்கோணம். இரண்டையும் ஒத்துப் பார்த்து வைத்தால் அழுத்தவே வேண்டாம், அத்தனை ஊசிகளும் தானாகவே உள்ளே இறங்கிவிடும். கம்பியை மடக்கிப் பூட்டியபோது என் விரல் லேசாக நடுங்கியது. எல்லாம் முடித்து ஸ்விட்சைப் போட்டால் காற்றாடிகள் சுற்றுகின்றன, மானிட்டரில் ஒன்றும் இல்லை. மதர்போர்டின் ஓரத்தில் ரேம் என்று எழுதிய இடத்தில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. ஒரு மணி நேரம் தவித்தேன். கடைசியில் பார்த்தால் ரேமின் ஒரு முனை சரியாக உட்காரவில்லை. டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தினேன், படம் வந்தது. அந்தச் சந்தோஷம் எந்தக் கன்சோலிலும் கிடைக்காது.

இதில் நான் அதிகம் ஆடியது, ஊர் கட்டிப் படை நடத்தும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. 2022-ல் வந்த கூடுதல் பகுதியில் திராவிடர் என்றே ஒரு நாகரிகம் இருக்கிறது. அதன் வீரர்கள் தமிழில் பேசுகிறார்கள், ராஜேந்திர சோழனின் கதையை நாமே நடத்தலாம். என் மாடியில் நின்றால் பெரிய கோயில் விமானம் தெரியும். கடாரத்துக்குக் கப்பல் அனுப்பியவனின் படையை இந்த ஊரில் உட்கார்ந்து ஓட்டும்போது நெஞ்சு நிறைந்துவிடும். இந்த ஆட்டம் 2025-ல் பிளேஸ்டேஷனுக்கும் வந்தது. ஆனால் ஒரு பெரும் படையை ஒரே இழுப்பில் வளைத்து ஒரு இடத்துக்கு அனுப்ப மௌஸ்தான் சரி. குறிபார்த்துச் சுடும் ஆட்டங்களுக்கும் அப்படித்தான்.

சரி, அப்புறம் ஏன் பிளேஸ்டேஷன்? வீட்டில் சண்டை வந்தது. மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவை ரெண்டருக்கு, அதாவது கம்ப்யூட்டர் அதை முழுப் படமாக்கித் தர, போட்டுவிட்டு நான் கீழே இறங்குவேன். பையன் படியில் உட்கார்ந்திருப்பான். "அப்பா, எப்போப்பா முடியும்?" தினமும் இதே கேள்வி. வேலை செய்யும் கம்ப்யூட்டரைப் பிள்ளையிடம் விடவும் பயம். அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் அதற்குள் இருக்கிறது. இன்னொன்று, எனக்குக் கிடைப்பதே ராத்திரி ஒன்பதரை முதல் பதினொன்று வரை. அதில் டிரைவர் அப்டேட், ஒளி, நிழல் காட்டும் ஷேடர் தயாராகும் வரை காத்திருப்பது, எந்த செட்டிங்கைக் குறைத்தால் ஓடும் என்று பார்ப்பது என்று பாதி நாள் அரை மணி நேரம் போய்விடும். 4060 கார்டில் இருப்பது 8 ஜிபி நினைவகம். புதிய பெரிய ஆட்டங்களில் டெக்ஸ்ச்சரை, அதாவது சுவர், தரை போன்றவற்றின் மேற்பரப்புப் படத்தை, உச்சத்தில் வைத்தால் திணறும்.

பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம், டிஸ்க் உள்ள மாடல், 2024-ல் நான் வாங்கியபோது 54,990 ரூபாய். இரண்டாவது கண்ட்ரோலருக்கு அப்போது ஏறக்குறைய ஆறாயிரம். நிமிர்த்தி வைக்கும் ஸ்டாண்டு பெட்டியில் வராது. படுக்க வைக்கக் குட்டிக் கால்கள் மட்டும் வரும். டிவி வீட்டில் இருந்ததே போதும். ஒயரைச் செருகினோம், ஆட ஆரம்பித்தோம்.

கூடவே இலவசமாக வரும் ஆஸ்ட்ரோஸ் பிளேரூமை முதலில் பையன்தான் ஆடினான். பாதியில் நிறுத்தி, "அப்பா, இதைக் கையில பிடிச்சுப் பாருங்க" என்று கண்ட்ரோலரைக் கொடுத்தான். அந்தக் குட்டி ரோபோ மணலில் நடந்தால் உள்ளங்கையில் நறநறவென்று இருக்கிறது. பனிக்கட்டியில் வழுக்கினால் வழவழவென்று வேறு மாதிரி. மழை பெய்யும் இடத்தில், ஓட்டுத் தாழ்வாரத்தில் தூறல் விழுவது போல விரல்களுக்கு அடியில் பொட்டுப் பொட்டென்று. இருபது வருடமாகக் கேம் ஆடுகிறேன், கையால் மழையை உணர்ந்தது அன்றுதான்.

என் மனைவிக்குக் கேம் என்றாலே ஆகாது. இட் டேக்ஸ் டூ என்ற ஆட்டத்தை இரண்டு பேர் சேர்ந்துதான் ஆட முடியும். கணவன் மனைவி கதை. ஒருநாள் ஆள் இல்லாமல் அவரைக் கூப்பிட்டேன். இரண்டு வாரம் தினமும் சமையலறை வேலை முடித்துவிட்டு அவரே வந்து கண்ட்ரோலரை எடுத்தார். இதே ஆட்டம் கம்ப்யூட்டரிலும் உண்டு. ஆனால் மாடியில் மானிட்டர் முன்னால் அவரை உட்காரவைத்திருக்க என்னால் முடியாது. கூடத்தில், டிவி முன்னால், பாயில் என்பதால் நடந்தது.

பணக் கணக்கில் பலர் தவறு செய்வது இங்கேதான். கன்சோல் விலை குறைவு, கேம் விலை அதிகம் என்பார்கள். டிஜிட்டலாக வாங்கினால் அது உண்மை. நான் பிளேஸ்டேஷன் வாங்கிய சமயத்தில் புதிய பெரிய ஆட்டங்கள் பல 4,999-க்கு இருந்தன. கம்ப்யூட்டரில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையின் கோடைத் தள்ளுபடிக்குக் காத்திருந்தால் பழைய நல்ல ஆட்டங்கள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். ஆனால் டிஸ்க் மாடல் இருந்தால் கதை வேறு. 4,999-க்கு வாங்கிய ஒரு டிஸ்க்கை ஐந்து வாரத்தில் முடித்து 3,300-க்கு விற்றேன். பையனின் நண்பர்கள் வீட்டோடு மூன்று டிஸ்க் மாறி மாறிச் சுற்றுகிறது. ஆகவே, விலை குறைகிறதே என்று டிஸ்க் இல்லாத மாடலை வாங்காதீர்கள். பழைய டிஸ்க் வாங்கும்போது மட்டும் கடையிலேயே வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு கடையில் பார்க்காமல் வாங்கிய டிஸ்க் பாதி ஏறி நின்றுவிட்டது. மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். 1,800 ரூபாய் போனது இன்னும் வலிக்கிறது.

காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தை ஆன்லைனில் மற்றவர்களோடு ஆட பிளேஸ்டேஷனில் சந்தா கட்ட வேண்டும், கம்ப்யூட்டரில் வேண்டாம். ஃபோர்ட்நைட் போன்ற இலவச ஆட்டங்களுக்கு மட்டும் சந்தா தேவையில்லை. டவுன்லோடு இரண்டிலும் ஒரே பாடுதான்: 40 எம்பிபிஎஸ் வேக இணைப்பில் 100 ஜிபி ஆட்டம் இறங்க ஐந்தரை மணி நேரம் ஆகும். கரண்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பிளேஸ்டேஷன் சுமார் 200 வாட் இழுக்கும். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட். ஆனால் ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனால், திரும்ப வரும்போது சேமிப்பகத்தைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லி அது நம் வயிற்றைக் கலக்கும். அதற்கும் ஒரு யூபிஎஸ் போட்டுவிட்டேன்.

போன வாரம் கூட்டாளி ஒருவர் கேட்டார். அவர் மகள் இந்த வருடம் இன்ஜினியரிங் சேர்கிறாள், கையில் எண்பதாயிரம். யோசிக்காமல் கம்ப்யூட்டர் என்றேன். படிப்புக்கும் ஆகும், ஆட்டத்துக்கும் ஆகும், மூன்று வருடம் கழித்து கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதே நாளில் என் தங்கை மாப்பிள்ளையும் கேட்டார். ஆபீஸ் லேப்டாப் இருக்கிறது, இரண்டு சின்னப் பிள்ளைகள், ராத்திரி ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். "மாப்பிள்ளை, டிஸ்க் உள்ள பிளேஸ்டேஷன், இரண்டு கண்ட்ரோலர், வேற எதுவும் வேண்டாம்" என்றேன். கூட்டாளி மகளுக்கு உதிரிப் பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உழவனில் மூன்று டிக்கெட் போட்டாயிற்று. ரேமை அவளே பூட்டட்டும்.