அரசு தந்த அட்டையா, நாமே தேர்ந்த கூட்டமா?

கோத்தகிரியில் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் பழைய பாஸ்போர்ட் இருக்கிறது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கும்; போட்டோவில் அப்போதுதான் மீசை அரும்பிய முகம். 1948 குடியுரிமைச் சட்டம் இலங்கை மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களிடம் யாரும் கலந்து பேசவில்லை. இங்கே வந்த பிறகும் தாத்தாவுக்கு 'சிலோன்காரர்' என்றுதான் பெயர்.

நான் சேர்ந்த கூட்டம் வேறு மாதிரி. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய இணைய உலக வரைபடம். அதில் சேர ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையையும் ஊற்றுத் தண்ணீர்த் தொட்டியையும் வரைந்தேன். மறுவாரம் முகம் தெரியாத ஒருவர் பாதையின் வளைவைச் சரியாகத் திருத்தியிருந்தார். எந்த ஊர், எந்த நாடு என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பாதை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது சொந்தம்போலவே இருந்தது.

சரி, ரேஷன் அரிசி? ஓட்டு? அந்தக் கூட்டம் தராது. அரசு தரும் அட்டையிலும் எல்லாம் ஒன்றல்ல: எஸ்தோனியா 2014 முதல் வெளிநாட்டவருக்கு மின்வதிவிட (e-Residency) அட்டை, அதாவது இணையத்தில் பயன்படும் அடையாள அட்டை தருகிறது. கம்பெனி தொடங்கலாம், ஆனால் அதை வைத்துக்கொண்டு அங்கே குடியிருக்க முடியாது.

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால், நாடற்றவரின் பேரனாக நான் முதலில் அரசு அட்டையைத்தான் கேட்பேன். ஆனால் 'நீ யார்?' என்று கேட்டால், வரைபடம் வரைகிறவன் என்றே சொல்வேன். அடுத்து எங்கள் தேயிலைச் சரிவின் படிக்கட்டுகளை வரைய வேண்டும்.