ஹீட்டர் தெர்மோஸ்டாட்டை ஃபேனுக்கு மாட்டி விற்கிறார்கள், வேலூர்க்காரர்கள் கவனம்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் யாராவது "ஸ்மார்ட் டெம்பரேச்சர் கன்ட்ரோல் சார், ரூம் சூடானா ஃபேன் தானா ஓடும், கூலானா தானா நிக்கும்" என்று சொல்லி ஒரு வெளிநாட்டுப் பெட்டியை நீட்டினால் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அந்தப் பெட்டியில் இருப்பது குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரை, அறையின் சூட்டைப் பார்த்து ஆன், ஆஃப் செய்யும் தெர்மோஸ்டாட். சூடு ஏறினால் அது ஹீட்டரை நிறுத்தும், குளிர்ந்தால் ஓட்டும். அதைத்தான் கத்திரி வெயிலுக்கு முன்னால், படுத்த படுக்கையாக இருக்கும் என் அம்மாவின் அறையில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் நடந்ததை முழுசாகச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து எழுந்து போய் சுவிட்ச் போட முடியாது. எங்கள் வீடு ஒற்றைத் தளம், மேலே மாடி கிடையாது. வேலூரில் ஒற்றைத் தளத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் காங்கிரீட் ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம், பார்த்துக்கொள்ள வரும் அக்கா மதியத்தோடு போய்விடுவார். அதனால் எக்ஸாஸ்ட் ஃபேனும் ஏர் கூலரும் அறையின் சூட்டைப் பார்த்துத் தானாக ஓடி நிற்க வேண்டும், போனிலும் பார்க்க முடிய வேண்டும் என்று கேட்டேன். என்ன வேண்டும், யாருக்கு வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகுதான் அவர் இந்தப் பெட்டியை எடுத்தார். சுவரில் மாட்டும் தெர்மோஸ்டாட் ஒன்று, ஒயர் வந்து சேரும் ரிசீவர் ஒன்று, இன்டர்நெட்டுக்கு ஒரு ஹப். பொருத்துகூலியோடு 13,300 ரூபாய். வந்த பையன் மாட்டி முடித்து, ரிசீவரில் இருந்த பட்டனை அமுக்கினான், ஃபேன் சுற்றியது, "ஓகே சார், செட்டிங் 30 வெச்சிருக்கேன், அதைத் தாண்டினா ஓடும்" என்றான். அது கையால் ஓட்டும் பட்டன், சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் மதியம் ஆபீஸிலிருந்து போனில் பார்க்கிறேன், அறையில் 37 டிகிரி, ஃபேன் நின்றிருக்கிறது. கடைக்குப் போன் போட்டால் "நெட் ஸ்லோவா இருக்கும் சார், ரவுட்டரை ஆஃப் பண்ணி போடுங்க" என்றார்கள். பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுப் பழைய டேபிள் ஃபேனைப் போடச் சொன்னேன். அந்த வாரத்திலேயே ஒருநாள் சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது, அறை 29க்கு இறங்கியது, உடனே எக்ஸாஸ்டும் கூலரும் சேர்ந்து ஓட ஆரம்பித்துவிட்டன. அம்மா போர்வையை இழுத்துக்கொண்டே கேட்டார்: "இன்னாடா இது, வெய்யில்ல நின்னுடுது, மழையில சுத்துது?" விஷயம் அந்த ஒரு வரியில் முழுசாக இருக்கிறது.

பெட்டியை எடுத்துப் பார்த்தேன். முகப்பில் கடையின் விலை ஸ்டிக்கர் பெரிதாக ஒட்டியிருந்தது. ஓரத்தைத் தூக்கினால் அடியில் 'சென்ட்ரல் ஹீட்டிங்' என்று அச்சடித்திருக்கிறது, பக்கத்தில் ஒரு நெருப்புச் சின்னம். ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு பாய்லர் இருக்கும், அது தண்ணீரைச் சூடாக்கிச் சுவரோரம் இருக்கும் ரேடியேட்டர்களுக்கு அனுப்பும். அந்த பாய்லரை ஆன், ஆஃப் செய்யும் கருவி இது. நீங்கள் வைக்கும் அளவுக்குக் கீழே அறை போனால் உள்ளே இருக்கும் ரிலே, அதாவது தானாகச் சேர்ந்து பிரியும் சுவிட்ச், ஒட்டும், பாய்லர் எரியும். மேலே போனால் விடும். அந்த நாட்டில் அருமையான சாமான்தான், அதில் குறையே இல்லை. நம் ஊரில் மே மாதம் அறை 30க்குக் கீழே இறங்குவதே அபூர்வம், இந்தக் கருவியிலோ 30க்கு மேல் வைக்கவே முடியாது. அப்படியென்றால் மழை பெய்த நாள் தவிரக் கோடை முழுக்க அந்த ஃபேன் ஓடியே இருக்காது. ஹீட்டிங் என்று எழுதியிருக்கும் இடத்தைப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டியவருக்கு இது தெரியாது என்று என்னை நம்பச் சொல்கிறீர்களா?

படம் எடுத்து அனுப்பியதும் பையன் திரும்ப வந்தான். ரிசீவருக்குள் மூன்று முனை இருக்கும்: காம் என்ற பொது முனை, என்.ஓ., என்.சி. ரிலே ஒட்டும்போது காமோடு சேர்வது என்.ஓ., விடும்போது சேர்வது என்.சி. ஃபேன் ஒயரை என்.ஓ.விலிருந்து கழற்றி என்.சி.யில் போட்டுவிட்டு "இப்ப ரிவர்ஸ் ஆயிடுச்சு சார்" என்று சொல்லி, வந்ததற்கு 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகத்தான் படும், 30க்கு மேல் ஓடும், கீழே நிற்கும். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதே வழியை யூடியூப் பார்த்து வீட்டிலேயே செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒயரை மாற்றினாலும் உள்ளே இருக்கும் மூளை பாய்லர் மூளைதான். ஆப்பில் 'ஆஃப்' அமுக்கினால் அது "ஹீட்டர் வேண்டாம்" என்று எடுத்துக்கொண்டு ரிலேயை விடும், ரிலே விட்டால் என்.சி. சேரும், ஃபேன் ஓடும். அதாவது ஆஃப் அமுக்கினால் ஆன். ஃபேனை நிறுத்த வேண்டுமென்றால் வீட்டைச் சூடாக்கச் சொல்லி ஆப்பில் கேட்க வேண்டும். இதை எழுபத்தெட்டு வயது அம்மாவுக்கும், பார்த்துக்கொள்ள வரும் அக்காவுக்கும் யார் விளக்குவது? அப்புறம், வைத்த அளவை நெருங்கும்போது இந்த வகைக் கருவிகள் பாய்லரைச் சில நிமிடம் எரித்துச் சில நிமிடம் நிறுத்தி, அளவைத் தாண்டாமல் பிடிக்கப் பார்க்கும். பாய்லருக்கு அது நல்லது, ஃபேனுக்கும் கூலருக்கும் அது ராத்திரி முழுக்க விட்டு விட்டு ஓடும் தொல்லை. மழை பெய்து குளிர்ந்த ராத்திரிகளில் எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது, அம்மா தூங்கவே இல்லை.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் வேறு. பேட்டரி தீர்ந்தாலோ தெர்மோஸ்டாட்டுக்கும் ரிசீவருக்கும் தொடர்பு அறுந்தாலோ இப்படிப்பட்ட கருவி ரிலேயை விட்டுவிடும், ஆளில்லாத வீட்டில் பாய்லர் எரிந்துகொண்டே இருக்கக்கூடாது என்பதற்காக. சூட்டுக் கருவிக்கு நிற்பதுதான் பாதுகாப்பு. நம் ஊர் வெயிலில் எழுந்திருக்க முடியாத ஒரு மனுஷிக்கு ஃபேன் நிற்பதுதான் ஆபத்து. முதலில் மாட்டிய விதத்தில் பேட்டரி தீர்ந்தாலும் ஃபேன் நின்றிருக்கும், வெயில் ஏறினாலும் நின்றிருக்கும். இதை வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னார்கள்.

கடைசியில் ரிசீவரே போய்விட்டது. ஒருநாள் பிளாஸ்டிக் கருகும் வாசனை, மூடியைத் திறந்தால் உள்ளே ரிலே பக்கம் கறுத்திருக்கிறது, முனை ஒட்டிக்கொண்டு விடவே இல்லை. பாய்லருக்கு "எரி" என்று சைகை கொடுப்பதற்கான சின்ன ரிலே அது. அதில் எக்ஸாஸ்டையும் கூலர் மோட்டாரையும் பம்பையும் சேர்த்து இழுத்திருக்கிறார்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கும், ரிலே முனை தீப்பொறி விட்டு உருகி ஒட்டிக்கொள்வது அதனால்தான். கரன்ட் அளவு மீறினால் தானாக விழும் தனி எம்.சி.பி. சுவிட்ச்கூடப் போடவில்லை, பக்கத்து பிளக்கிலிருந்து கரன்ட் வரும் பேஸ் ஒயரை அப்படியே எடுத்து வளைத்திருந்தான். எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு முதல் காரியமாக மெயினை ஆஃப் செய்தார்.

அவர் சொன்ன இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டை மேற்குச் சுவரில், எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே மாட்டியிருந்தார்கள். அது அம்மா படுத்திருக்கும் இடத்தின் சூட்டைக் காட்டவில்லை, வெயில் பட்ட சுவரின் சூட்டைக் காட்டியது. உள்சுவரில், வெயிலும் காற்று வீச்சும் நேராகப் படாத இடத்தில்தான் வைக்க வேண்டும். அதோடு எக்ஸாஸ்ட் ஃபேன் எதையும் குளிர வைப்பதில்லை, உள்காற்றை வெளியே தள்ளி வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது, அவ்வளவுதான். மதியம் வெளியே 41, உள்ளே 37 என்றால் ஓட ஓட அறை இன்னும் சூடாகும். சாயங்காலம் வெளியே இறங்கிய பிறகு விடியும் வரை ஓட்டினால்தான் பலன். 40 டிகிரிக்கு மேல் ஃபேன் காற்று உடம்பைக் குளிர்விக்காமல் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது, வயசானவர்கள் வீட்டில் இருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள். "ஏசி வேண்டாம், இதுவே போதும்" என்று விற்கிறவர் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

இந்த வேலைக்கு உண்மையில் வேண்டியது கூலிங் என்று தனியாகக் குறித்திருக்கும் டெம்பரேச்சர் கன்ட்ரோலர். எஸ்.டி.சி-1000 என்று ஒரு வகை வெகுகாலமாகவே விற்கிறது, ஸ்மார்ட் வகையறாவோடு ஒப்பிட்டால் விலை கொஞ்சம்தான். அதில் ஹீட்டிங்குக்கு ஒரு ரிலே, கூலிங்குக்கு ஒரு ரிலே தனித்தனியாக உண்டு. எஃப்1-ல் வேண்டிய அளவு, எஃப்2-ல் எத்தனை டிகிரி ஏறினால் ஓட வேண்டும் என்ற இடைவெளி, எஃப்3-ல் நின்றபின் மறுபடி கிளம்ப எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும் என்பது. 32 வைத்து இடைவெளி 2 கொடுத்தால் 34-ல் ஓடி 32-ல் நிற்கும். ஒயரோடு வரும் சென்சாரைக் கட்டில் பக்கம் கொண்டுவரலாம். எங்கள் எலக்ட்ரீஷியன் அதையே போட்டு, கூலர் மோட்டாருக்கு அதன் கரன்ட்டைத் தாங்கும் பெரிய ரிலே மாதிரியான தனி கான்டாக்டரும் எம்.சி.பி.யும் வைத்து, கன்ட்ரோலர் போனாலும் ஃபேன் ஓட ஒரு சாதா சுவிட்சை அம்மா கைக்கெட்டும் உயரத்தில் பொருத்தினார். போனில் பார்க்க முடியாது, பரவாயில்லை.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒன்று செய்யுங்கள். கருவியை ஓடவிட்டு, அறைச் சூட்டுக்கு ஒரு டிகிரி மேலே அளவை வைக்கச் சொல்லி, சென்சாரை உள்ளங்கையில் பொத்திப் பிடியுங்கள். சூடு ஏறும்போது ரிலே 'டிக்' என்று ஒட்டி விளக்கு எரிந்தால் கூலிங். ஏற்கெனவே ஒட்டியிருந்தது சூடு ஏறியதும் விட்டால் ஹீட்டிங், எடுத்துவிடச் சொல்லுங்கள். பட்டனை அமுக்கி ஃபேனைச் சுற்றிக் காட்டினால் அதை டெமோ என்று ஏற்காதீர்கள். எத்தனை டிகிரி வரை அளவு வைக்க முடியும் என்று கேளுங்கள், 25, 30-ல் நின்றால் அது நம் ஊருக்கான சாமான் இல்லை.

பணத்தைக் கேட்டபோது "ஒருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது, பில்லிலேயே போட்டிருக்கு பாருங்க" என்றார் கடைக்காரர். பில்லில் மாடல் பெயர் இல்லை, 'எலக்ட்ரிக்கல் குட்ஸ்' என்று கையால் எழுதியிருக்கிறது. அப்படி அச்சடித்தால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பொருளின் தன்மையைப் பொய்யாகச் சொல்லி விற்பதும் நியாயமற்ற வணிக முறை என்றே எழுதியிருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம், நான் செய்துவிட்டேன். அதில் தீராவிட்டால் வேலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இதே பெட்டியை ஏற்கெனவே வாங்கியவர்கள் முதலில் அந்த லைனின் மெயினை ஆஃப் செய்துவிட்டு ஃபேனைப் பழைய சுவிட்சுக்கு மாற்றச் சொல்லுங்கள். கழற்றுவதற்கு முன்னால் எந்த முனையில் எந்த ஒயர் இருந்தது என்று போட்டோ எடுத்துவையுங்கள். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், ஸ்டிக்கரை முழுசாகப் பிய்க்காமல் ஓரத்தை மட்டும் தூக்கி, கீழே இருக்கும் எழுத்தும் கடையின் விலையும் ஒரே படத்தில் தெரியும்படி எடுங்கள்.