கஞ்சாவை நிறுத்திய பின் தூக்கம்: மாத்திரையா, எழும் நேரமா?

கஞ்சாவை நிறுத்தியவரை மறுபடி அதன் பக்கம் இழுப்பது பல நேரம் போதை ஆசைகூட இல்லை, தூங்காத இரவுதான். எரிச்சல், பதற்றம், பசியின்மை எல்லாம் ஓரிரு நாளில் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். தூக்கம் மட்டும் ஒரு மாதம் தாண்டியும் முரண்டு பிடிக்கலாம். கஞ்சாவில் உள்ள டி.எச்.சி., கனவு வரும் உறக்கக் கட்டத்தை அமுக்கி வைக்கிறது. நிறுத்தியதும் அந்தக் கட்டம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வருகிறது. விடியற்காலையில் நிஜம் போலவே கனவு வருவது அதனால்தான். கூடவே பனியன் நனையும் அளவுக்கு வியர்வையும் வரலாம். உடல் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

இந்தக் காலத்தைக் கடக்க எங்கள் குன்னூர், கோத்தகிரி பக்கம் ஆட்கள் எடுக்கும் வழிகள் சில. நான் மாத்திரை வேண்டாம் என்று முடிவு செய்து, தினமும் ஒரே நேரத்தில் எழுவதைக் கடைப்பிடித்தவன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தூங்குவதற்காக மது குடிப்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். முன்னிரவில் அடித்துப் போடும், பின்னிரவில் எழுப்பிவிடும்.

மாத்திரை வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன். செய்யும், அன்றைக்கே செய்யும். ஆனால் அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடெம் எல்லாம் ஹெச்1 அட்டவணை மருந்துகள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றதை மருந்துக்கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். இவ்வளவு கெடுபிடி சும்மா வைக்கவில்லை.

எனக்கு முடிவை எடுத்துக் கொடுத்த கேள்வி ஒன்றுதான்: இதை விடும்போது என்ன ஆகும்? இப்போதுதான் ஒன்றை விட்டுவிட்டு அதன் விளைவை அனுபவிக்கிறோம். பல வாரம் தினமும் போட்ட தூக்க மாத்திரையை நிறுத்தினால் பழைய தூக்கமின்மை முன்பைவிடக் கூடுதலாகத் திரும்பி வரலாம். அல்பிரசோலம், டயசிபாம் வகையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும் ஆபத்துகூட உண்டு. டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. ‘படுக்கும் முன் ஏதாவது ஒன்றைப் போட்டால்தான் தூக்கம்’ என்ற பழக்கம்தான் கஞ்சா வருடக்கணக்கில் பழக்கியது. மாத்திரை போட்டால் பொருள் மாறுகிறது, பழக்கம் அப்படியே இருக்கிறது. எழும் நேரத்தை முறைப்படுத்தினால், பின்னால் விட வேண்டியது என்று எதுவும் மிச்சமில்லை.

இந்த முறை சி.பி.டி.-ஐ என்ற, பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றித் தூக்கத்தைச் சரிசெய்யும் சிகிச்சையின் முக்கியமான பகுதி. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது இந்தச் சிகிச்சைதான் என்று 2016-இல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிசியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு பரிந்துரைத்தது. அது பொதுவான தூக்கமின்மைக்குச் சொன்னது, கஞ்சா நிறுத்தியவர்களுக்கென்று தனியாகச் சொன்னதல்ல. ஆனாலும் அடிப்படை ஒன்றுதான். நிஜமாக எவ்வளவு நேரம் தூங்குகிறோமோ அவ்வளவு நேரம்தான் கட்டிலில் இருக்க வேண்டும். ஐந்தரை மணி நேரம் தூங்குகிறவர் காலை 5.30-க்கு எழுவதென்றால் இரவு 12-க்கு முன் படுக்கக் கூடாது. படுத்த நேரத்தில் பெரும்பகுதி தூக்கமாக மாறிய பிறகு, வாரத்துக்குக் கால் மணி நேரமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். எப்படித் தூங்கினாலும் எழும் நேரம் மாறக் கூடாது.

மலையில் இதுதான் சிரமம். மார்கழி, தையில் ஏழரை மணிக்கெல்லாம் கம்பளிக்குள் போய்விடுகிறோம். குளிருக்கு வேறு எங்கே போவது? போனைப் பார்த்துக்கொண்டு பத்து மணி நேரம் படுக்கிறோம், அதில் பாதிதான் தூக்கம். கட்டில் என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. தூக்கம் வராவிட்டால் இருபது நிமிடத்தில் எழுந்துவிடு என்பது இந்த முறையின் இன்னொரு விதி; சமவெளியில் அது சுலபம், ஊட்டியில் உறைபனி விழும் இரவில் அப்படியில்லை. அதனால் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்: வேறு இடத்தில் ஒரு நாற்காலி, அதன் மேல் ஸ்வெட்டரும் குல்லாவும், பிளாஸ்கில் வெந்நீர், மங்கலான விளக்கு. குளிருக்கு என்று மூடிய அறையில் கரி அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். வியர்வைக்குத் தடிமனான ஒரு ரஜாயைவிட மெல்லிய இரண்டு போர்வை நல்லது, ஒன்றைத் தள்ளிவிடலாம்.

எழுந்ததும் வெளியே வந்துவிட வேண்டும். மூடுபனியாக இருந்தாலும் விடிந்த பின் வெளியே இருக்கும் வெளிச்சம், வீட்டு டியூப்லைட்டைவிடப் பல மடங்கு அதிகம். உடம்பின் கடிகாரத்துக்கு அது போதும். அப்புறம் டீ. நம் ஊரில் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் மதியத்துக்கு மேல் வேண்டாம். காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும்.

மெலடோனின் என்ற ஹார்மோன் மாத்திரை தூக்கத்தை வரவழைப்பதைவிட, தூங்கும் நேரத்தை முன்னால் நகர்த்தத்தான் அதிகம் உதவும். பாலில் அமுக்கராப் பொடி சேர்த்துக் குடித்துப் பலன் கண்டவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் நான் கொஞ்ச நாள்தான் பார்த்தேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

என் வழி எல்லாருக்கும் ஆகாது. ஆரம்ப வாரங்களில் பகல் தூக்கம் கண்ணைக் கட்டும். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுகிற டிரைவர் அந்த நேரத்தில் இதைத் தொடங்கக் கூடாது. லீவு எடுக்க முடிந்தால் மட்டும் பார்க்கலாம். வலிப்பு நோயோ இருதுருவ மனநோயோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தூக்கத்தைக் குறைக்கவே கூடாது. பல நாள் கண்ணே மூடவில்லை, அல்லது உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்றால், எந்த வழி நல்லது என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம், நாள் முழுவதும் எடுப்பார்கள். டாக்டரிடம் போனால் கஞ்சா நிறுத்தியதை மறைக்காதீர்கள். அப்போது அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தாலும், எத்தனை நாளுக்கு, எப்படிக் குறைப்பது என்று அன்றைக்கே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.