அமிட்ரிப்டிலின் 10: முதல் வாரத்தை வைத்து எடை போடாதீர்கள்

கால் எரிச்சலுக்கு இந்த மாத்திரையை வாங்கிப் போனவர்கள் மருந்துக்கடைக்குத் திரும்பி வந்து சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "ரெண்டு நாள் போட்டேன், கிறக்கம்தான் மிச்சம், எரிச்சல் அப்படியேதான் இருக்கு." மீதி மாத்திரை அட்டையோடு அலமாரிக்குள் போய்விடும். நல்ல மருந்து ஒன்று இப்படி வீணாவது வருத்தமான விஷயம். இதன் தொல்லைகள் முதல் ராத்திரியே வந்துவிடும், பலன் பைய வரும். நரம்பு வலி குறைய இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். மனச்சோர்வு தெளியவும் அதே அளவு காலம் வேண்டும். தூக்கம் மட்டும் முதல் நாளே கூடும். அதனால்தான் இதைத் தூக்க மாத்திரை என்று தப்பாக எண்ணிவிடுகிறார்கள்.

மருந்து பழசு. 1961-இல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்காக அனுமதி பெற்றது, விலையும் குறைவு. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் வலித்தடுப்புப் பாதையில் நார்அட்ரினலின், செரட்டோனின் என்ற இரண்டு நரம்பு ரசாயனங்களையும் இது கூட்டுகிறது. வலிக்கு 10 முதல் 75 மில்லிகிராம் வரை போதும். மனச்சோர்வுக்கு 75 முதல் 150 வரை தேவைப்படலாம். ஆகவே சீட்டில் 10 என்று எழுதியிருந்தால், "எனக்கு மனசு சரியில்லன்னு நினைச்சிட்டாரோ" என்று டாக்டர் மேல் கோபப்பட வேண்டாம். மனசுக்காகவே எழுதியிருந்தாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எதற்குக் கேட்கும், எதற்குக் கேட்காது என்பது முக்கியம். சர்க்கரையால் வரும் பாத எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்தல் ஆகியவற்றுக்கும், ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுப்பதற்கும் நன்றாக உதவும். அக்கி ஆறிய பிறகும் அந்த இடத்தில் துணி பட்டாலே சுள்ளென்று இழுக்கும் வலிக்கும் அப்படித்தான். காவியால் அக்கி எழுதி, கொப்புளமெல்லாம் காய்ந்து, மூன்று மாதமாக வலி மட்டும் போகவில்லை என்பவர்கள் இதைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு வரும் கழுத்து, தோள்பட்டை வலி பெரும்பாலும் தசை வலி. அதற்குப் பக்கத்து வீட்டு அட்டையிலிருந்து ஒன்றைக் கிள்ளிப் போட்டுக்கொள்வதில் பயனில்லை.

போடும் நேரத்தில்தான் பாதி சூட்சுமம் இருக்கிறது. படுக்கப் போகும்போது பத்தரை மணிக்குப் போட்டால் காலையில் கிறக்கம் விடாது. எட்டு மணிக்கே, இரவுச் சாப்பாட்டோடு போடுங்கள். மறந்துவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். காலையில் போடவும் வேண்டாம், மறுநாள் இரண்டாகப் போடவும் வேண்டாம். 10-இல் தொடங்கி, வாரத்துக்கு ஒரு படி வீதம் டாக்டர் சொன்னபடி ஏற்ற வேண்டும். 10, 25, 75 எனப் பல அளவில் வருவதால், கடையில் மருந்தின் பெயரோடு எண்ணையும் படித்துப் பார்த்து வாங்குங்கள். குளோர்டயசெபாக்சைடு சேர்ந்த கூட்டு மாத்திரையை "அதே மருந்துதான்" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அது பழக்கமாகிவிடும் வேறு மருந்து.

வாய் வறட்சி அநேகமாக எல்லோருக்கும் வரும். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடியுங்கள், உப்பிட்ட மோரும் நல்லது. நாள் முழுக்க மிட்டாய் சப்பினால் பல் போய்விடும். மலச்சிக்கலுக்குக் கீரை, வாழைத்தண்டு, கொய்யா என்று முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். பசி கூடும், எடையும் ஏறும். சர்க்கரைக்காரர்கள் அல்வாவிடம் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய காலம் இது. இன்னொன்றைப் பலர் சொல்வதில்லை: இம்மருந்து வியர்வையைக் குறைக்கும். கத்திரி வெயிலில் வயலிலோ கட்டட வேலையிலோ நிற்பவர்களுக்கு உடம்புச் சூடு ஏறி மயக்கம் வரலாம். ராத்திரி எழுந்தால் கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் பைய நடக்க வேண்டும். பிரஷர் சட்டென்று இறங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது வயதானவர்களுக்கு நிஜமான ஆபத்து.

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது. கண்ணில் குறுகிய கோண கிளாக்கோமா (கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் நோய்), புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைப்பு, வலிப்பு, அளவுக்கு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய், இவற்றில் எது இருந்தாலும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். 40 வயது தாண்டியிருந்தால் தொடங்குமுன் ஒரு ஈசிஜி எடுத்துக்கொள்வது நல்லது.

சேர்மானத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மூட்டுவலிக்கு வேறு டாக்டர் எழுதிய டிரமடால் இதோடு சேர்ந்தால் வலிப்பு வரலாம், செரட்டோனின் மிகுந்து நடுக்கமும் காய்ச்சலும் வரலாம். மனச்சோர்வுக்கான இன்னொரு மருந்தான ஃபுளுவாக்சிடின் இதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின் கிறக்கத்தை இரட்டிக்கும். சாராயம் அறவே கூடாது. எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைக்கக் காரணம், அளவு மீறினால் இது இதயத்தைத் தாக்கும் வேகம். குழந்தை ஒன்றிரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டதாகத் தெரிந்தாலும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அறிகுறிக்காகவும் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து, அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பூட்டுப் போட்ட இடத்தில்தான் இது இருக்க வேண்டும். மனச்சோர்வு உள்ளவர் வீட்டில் வேறொருவர் வைத்திருந்து, தினமும் ஒன்றாக எடுத்துக் கொடுப்பது நல்லது. ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்கலாம். தொடங்கிய முதல் வாரங்களில், முக்கியமாக 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, சாவு நினைப்பு கூடுகிறதா என்று கவனியுங்கள். கூடினால் அன்றே டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

குணமானதும் சட்டென்று நிறுத்தினால் குமட்டல், தலைவலி, தூக்கமின்மை, சிடுசிடுப்பு எல்லாம் வரும். ஏற்றியது போலவே படிப்படியாக, நான்கு வாரமாவது எடுத்து இறக்க வேண்டும். அந்த அட்டவணையை டாக்டரிடம் கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.