வடியும் கண்ணுக்குப் பவர் மாற்றினால் போதுமா? தண்டையார்பேட்டை கண் மருத்துவமனை ஒன்றின் சேவை குறித்து

இடது கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறது, எழுத்து கலங்கித் தெரிகிறது என்று அம்மா சொன்னபோதெல்லாம், எங்கள் பகுதிக் கண்ணாடிக் கடையில் பவரை மாற்றிக் கொடுத்தார்களே தவிர, காரணத்தைத் தேடவில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதிதான் காரணம் என்றனர் அக்கம்பக்கத்தார்.

இம்மருத்துவமனையில் எனக்குப் பிடித்தது, கண்ணாடிச் சீட்டு எழுதும் முன் கண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்ததுதான். கண்ணைத் துடைத்தவுடன் எழுத்துப் பலகையின் பொடி வரியைத் தடுமாறாமல் படித்த அம்மாவுக்கு, கீழிமையில் நீர் தேங்கியதும் அதே வரி கலங்கிப்போனது. கண்ணுக்குள் நுழையும் ஒளி முதலில் வளைவது கருவிழி மேல் படிந்த கண்ணீர்ப் படலத்தில்தான் என்பதால், அது சீராக இல்லாதபோது எடுக்கும் பவர் அளவை நம்ப முடியாது என்றும், குனிந்து படிக்கையிலும் இரவில் எதிர்வரும் வண்டி விளக்கைப் பார்க்கையிலும் தொல்லை கூடுவது இதனால்தான் என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

பிறகு, கீழிமையின் மூக்கோரத்தில் உள்ள நுண்துளை வழியாக உப்புநீரைச் செலுத்திப் பார்த்தார்கள். வலது கண்ணில் விட்டது தொண்டையில் உப்புக் கரித்தது. இடது கண்ணில் விட்டதோ மேலிமைத் துளை வழியாகவே திரும்பி வழிந்தது. கண்ணீர்ப் பையிலிருந்து மூக்குக்குள் இறங்கும் நாளம் அடைபட்டிருந்தது. கண் உலர்ந்து உறுத்தினாலும் நீர் வடியும் என்பதால், இச்சோதனை செய்யாமல் சொட்டு மருந்து எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

அறுவை சிகிச்சையில், எலும்பில் சிறு வழி திறந்து கண்ணீர்ப் பையை நேராக மூக்குடன் இணைக்கிறார்கள், டி.சி.ஆர். என்பது இதுதான். தோலைக் கீறியும் செய்யலாம், தழும்பு வேண்டாமென்றால் மூக்கு வழியே எண்டோஸ்கோப் எனும் உள்நோக்குக் குழாய் கொண்டும் செய்யலாம். அம்மாவுக்குக் கண்புரையும் தொடங்கியிருப்பதால், பையில் தங்கும் கிருமி கண்ணுக்குள் புகாதிருக்க, முதலில் அடைப்பு, அப்புறமே புரை என்று வரிசைப்படுத்தினார்கள்.

காத்திருப்புக் கூடத்தில் ஏ.சி. காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. கண் நோயாளிகள் உட்காரும் இடத்தில் இதை யார் யோசித்து வைத்தார்களோ! கட்டண விவரத்தையும் கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள். எண்டோஸ்கோப் முறைக்குத் தேதி கிடைக்கவும் தாமதமாகிறது. ஆனால் மூக்கோரம் சிவந்து வீங்கி, சீழ் கட்டியவர்களை வரிசையில் நிறுத்தாமல் உடனே உள்ளே அழைத்துப் பார்க்கிறார்கள்.